பாட்டு நிக்கக்கூடாது

"கெதியா மிதியுங்கோப்பா! அப்பாவின்ரை குரல் எருமை கத்துற மாதிரி இழுபடுது."

சவப்பெட்டியின் தலைமாட்டிலிருந்து மனைவி ஜெயரூபினி சத்தம் போட்டதும் வின்சன் எழும்பி நின்று மிதித்தான். ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த சைக்கிளின் பின்சில்லு அந்தரத்தில் சுழன்றது. சில்லோடு உரசிய டைனமோவிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் வைத்திருந்த ரேப் ரெக்கோடருக்குப் போனது. அதற்குள்ளே, பத்து வருடங்களுக்கு முன் இறந்துபோன மாமனார் மரியநாயகம் அண்ணாவியார், நாட்டுக்கூத்து அரசனாகப் படையெடுத்துக்கொண்டிருந்தார். வின்சன் மிதித்த மிதியில் அரசனின் குரல் மீசை முளைக்காத பெடியனின் குரலாக மாறிவிட்டது.

"அதுக்காக இவ்வளவு கெதியாயும் வேண்டாம்!"

பெட்டிக்குள் மாமி புனிதமலர், இந்தச் சண்டை தனக்குப் புதிதல்ல என்பதுபோலக் கண்மூடிப் படுத்திருந்தார்.

மல்லாவியில் அந்த வருடம் மலேரியா வீடுவீடாக ஏறி இறங்கியது. மாமியிடமும் வந்தது. முந்தாநாள் காய்ச்சல் கொஞ்சம் விட்ட நேரத்தில் மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "என்னைக் கொண்டுபோகுமட்டும் பாட்டு நிக்கக்கூடாது. எல்லாக் கசற்றும் போடவேணும்." சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல மருமகனின் கால்களை ஒருமுறை பார்த்தார். வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, தடையால் பற்றறியும் வராது. பாட்டென்றால் வின்சன்தான்.

படலையைத் திறந்துகொண்டு கணபதி வந்தார். ஊரில் இருந்த காலத்தில் முல்லைத்தீவுச் சந்தையில் தேங்காய்க்கடை வைத்திருந்த மனிதர். துக்கம் விசாரிக்க முகத்தைத் தயார்பண்ணிக்கொண்டு வந்தவர், வெள்ளைச் சட்டையோடு வியர்த்து வழியச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த வின்சனைக் கண்டு தடுமாறிப்போனார்.

"தம்பி, எங்கை வெளிக்கிட்டிட்டீர்?"

"இஞ்சைதான் அண்ணை. சும்மா."

மாமிக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் பாட வராது. குமரியாக இருந்தபோது கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தார். பாதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நீர் பாடுற ஆக்களுக்குச் சுடுதண்ணி குடும்" என்றார். மாமி கோபிக்கவில்லை. சுடுதண்ணீர் கொடுத்துக்கொண்டே கேட்டார். பிறகு சவூதியிலிருந்து வந்த தம்பி ஒரு ரேப் ரெக்கோடர் கொண்டுவந்து கொடுக்க, கணவனின் கூத்துப் பாட்டில் தொடங்கிக் கரைவலை இழுக்கிறவர்களின் பாட்டு, தபசுகாலப் புலம்பல், தாலாட்டு என்று முல்லைத்தீவுக் கரையில் வாய் திறந்த எவரையும் விடாமல் பதிந்து வைத்தார்.

இடம்பெயர்ந்த நாளில் அந்தக் கசற்றுகளை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒன்றுவிட்ட தங்கச்சி இரஞ்சிதம், ரின்னுக்குள் நகைதான் என்று நினைத்து, டிரக்டர் பெட்டியில் தன் இடத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு மல்லாவி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். இங்கே வந்து ரின்னைத் திறந்தபோது அவள் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி மாமி சிரிப்பார்.

வின்சன் அகப்பட்டது அதற்குப் பிறகு. பெண் பார்க்க வந்தவனிடம் மாமி குடிப்பழக்கம் கேட்கவில்லை, குடும்பம் கேட்கவில்லை.

"தம்பி சைக்கிள் நல்லா ஓடுவீரோ?"

"ஓம் மாமி. முந்திப் பரந்தனிலையிருந்து முல்லைத்தீவுக்கு மீன் எடுக்கச் சைக்கிளிலைதான் வாறனான்."

"பெட்டியோடையோ?"

"பெட்டி நிறைய மீனோடை."

மாமி உள்ளே திரும்பி, "பிள்ளை, தேத்தண்ணி கொண்டா" என்றார். சம்பந்தம் முடிந்தது. கலியாணம் முடிந்த கிழமையே வின்சனுக்கு விஷயம் விளங்கியது.

மனம் உடைந்த சனமெல்லாம் மாமியைத் தேடி வந்தது. வள்ளமும் வலையும் வைத்திருந்து, கடலை விட்டு வந்ததிலிருந்து பேசாமலே இருந்த சம்மாட்டி வந்தார், பிள்ளையைத் தேடி அலைகிற தாய் வந்தாள். மாமி பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கொடுப்பார். "எங்கடை கரைப் பாட்டு ஒண்டு கேப்பமே?" என்பார். பிறகு உள்பக்கம் திரும்பி, "தம்பி..." என்பார். மாமியின் இரக்கம் முழுவதும் வின்சனின் கெண்டைக்காலில்தான் போய் முடியும். அவன் முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பான். மாமி பக்கத்தில் நின்று பாட்டு முடியும்வரை பனையோலை விசிறியால் அவனுக்கு விசிறுவார். சாப்பாட்டில் மீனின் நடுத்துண்டு எப்போதும் அவனுக்குத்தான்; மகள் கேட்டாலும் கிடையாது.

இன்றைக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை விட்டால் பாட்டு ஆடும். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மிதித்தான்.

ரேப்பில் அரசன் வாளை உருவிய இடத்தில், "இஞ்சேருங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ, கோழி அடுப்பிலை ஏறுது!" என்று மாமியின் குரல் குறுக்கே வந்தது. அரசன் படையெடுப்பை நிறுத்திவிட்டு, "சூ, சூ" என்று கோழி விரட்டினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்த கையோடு முன்னையைவிடப் பெரிதாக அழுதார்கள். இரஞ்சிதம், "அக்கா, உந்தக் கோழியைப் பிறகு நானெல்லே அறுத்துக் கறிவைச்சனான்" என்று சொல்லிப் பெட்டியில் விழுந்தாள்.

இரக்கப்பட்ட கணபதி, "இறங்கும் தம்பி, நான் மிதிக்கிறன்" என்று வேட்டியை மடித்துக்கொண்டு ஏறினார். தேர்த் திருவிழாவுக்குப் போகிறவர்போல அக்கம்பக்கம் பார்த்து, ஆறுதலாக மிதித்தார். அரசன் போர்க்களத்தில் கொட்டாவி விட்டார், பிறகு நித்திரையாகவே போய்விட்டார். ஜெயரூபினி பார்த்த பார்வையில் வின்சன் திரும்பவும் ஏறினான்.

பாதர் வந்தார். இளம் ஆள். சைக்கிளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"கொஞ்சம் நிப்பாட்டினால் செபத்தைச் சொல்லலாம்."

"நிக்கக்கூடாதெண்டு அம்மா சொன்னவா, பாதர். வேணுமெண்டால் சத்தத்தைக் குறைக்கிறன்" என்றாள் ஜெயரூபினி.

பாதர் செபப் புத்தகத்தைத் திறந்தார். டைனமோ உர்ரென்று உரசிக்கொண்டிருக்க, "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் சுவாமி" என்றார். "ஆமென்" என்று எல்லோருக்கும் முந்திச் சைக்கிளின் மேலிருந்து சத்தம் வந்தது.

ரின்னில் கடைசியாக ஒரு கசற் இருந்தது. ஜெயரூபினி அதைப் போட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். கணபதியும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள்.

"முத்தலிப் நானா, இதுக்குக் கிட்ட வந்து பாடுங்கோ. வெக்கப்படாதேங்கோ" என்றது மாமியின் குரல்.

முற்றத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

முல்லைத்தீவுச் சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவர் முத்தலிப். கூத்துக்கு உடுப்புத் துணி அவர்தான் கொடுப்பார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனமெல்லாம் இயக்கத்தால் போகச் சொல்லப்பட்டு, உடுத்த உடுப்போடு போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை இந்தச் சனம் வாய்விட்டுச் சொன்னதில்லை. வின்சன் அந்த மனிதரைக் கண்டதில்லை. ஆனால் குரலைத் தெரியும். மழை நாட்களில் கதவைச் சாத்திவிட்டு, அவனை மட்டும் மிதிக்கச் சொல்லி, ரேப்பில் காதை வைத்து மாமி கேட்பது இந்தக் கசற்றைத்தான். "ஆர் மாமி இது?" என்று ஒருநாள் கேட்டான். "எங்கடை ஆள்" என்று மட்டும் சொன்னார்.

முத்தலிப் தன் மகள் அஸ்னாவை நித்திரையாக்கத் தானே கட்டிய தாலாட்டைப் பாடத் தொடங்கினார்.

இரஞ்சிதம் ஜெயரூபினியின் காதுக்குக் கிட்டப் போனாள். "பிள்ளை, உதை மாத்து. றோட்டாலை ஆக்கள் போகினம்."

ஜெயரூபினியின் விரல் ரேப்பை நிறுத்தும் கட்டையில் போய் நின்றது. அவள் வின்சனைப் பார்த்தாள்.

அவன் காலை எடுத்தால் போதும். கால் பிடித்துவிட்டது என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கால் உண்மையாகவே பிடித்துத்தான் இருந்தது. மூன்று மணித்தியாலம் மிதித்த மனிதன், கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முத்தலிப்பின் குரல் ஒரு இடத்திலும் இழுபடாமல், அவர் பாடின மாதிரியே வந்தது. ஜெயரூபினி விரலை எடுத்துவிட்டாள்.

பெட்டி படலையடிக்குப் போய்விட்டது. முன்னால் பிடித்திருந்த கணபதி அங்கே நின்றார். ஊர்ச் சந்தையில் அவரது தேங்காய்க்கடையும் முத்தலிப்பின் துணிக்கடையும் ஒரே கூரையின் கீழ் இருந்தவை.

"என்ன அண்ணை, நிண்டிட்டியள்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"பொறடாப்பா. தோள் மாத்தவேணும்."

பெட்டி நின்றது. பாதர் புத்தகத்தை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். பின்சில்லு ஒரே சீராகச் சுழன்றது. முத்தலிப் தன் மகளை நித்திரையாக்கி முடித்தார்.

கணபதி பெட்டியை அதே தோளிலேயே வைத்துக்கொண்டு படலையைத் தாண்டினார்.