மூன்றாம் குழியில் சந்தனமாரி

பனையடிக்குளத்துக்கு வடக்கே தோண்டிய மூன்றாம் குழியில் சந்தனமாரியின் எலும்புகள் கிடைத்தன. அப்போது அவள் குழிக்கு மேலே வேப்பமரத்தில் ஏறி மைக்செட் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அகழாய்வுக்காரர்கள் ஊர்மக்களைக் கூட்டிப் பேசுவதாக இருந்தது. அந்த வட்டாரத்தில் கல்யாணமோ கோயில் கொடையோ கட்சிக் கூட்டமோ, மைக்செட் அவளுடையதுதான்.

அகழாய்வின் இயக்குநர் ஆராவமுதன் சென்னையிலிருந்து வந்தவர். அவர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். நீங்கள் கிடைத்துவிட்டீர்கள், கொஞ்சம் இறங்கி வர முடியுமா என்று கேட்டார். சந்தனமாரி முடிச்சை இறுக்கிவிட்டு இறங்கினாள்.

பெரிய தாழி. அதற்குள் ஒருத்தி கால்களை மடக்கி, முழங்காலில் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தாள். வெறும் எலும்புதான். ஆனாலும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரர்களை முதுகை வைத்தே கண்டுபிடிப்பதில்லையா, அப்படி. இடது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. போன வருஷக் கொடையில் ஏணி சறுக்கி விழுந்து ஒடித்துக்கொண்ட மணிக்கட்டு.

"நாந்தான்" என்றாள்.

ஆராவமுதன் தலையசைத்தார். இரண்டாயிரத்து அறுநூறு வருஷம் இருக்கும் என்றார்.

மண் சுமந்த பெண்கள் சட்டிகளை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மாரியக்கா ரொம்ப இளைத்துப்போனதாக ஒருத்தி வருத்தப்பட்டாள். மற்றவர்களுக்கும் அதுதான் வருத்தம்.

சாயங்காலக் கூட்டத்தில் ஆராவமுதன் விஷயத்தை ஊருக்கு அறிவித்தார். கைதட்டினார்கள். இவ்வளவு பழைய ஆள் தங்கள் ஊரில் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சந்தனமாரி மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் இங்கே வாழ்ந்தாள், இந்த மண்ணை நேசித்தாள் என்று அவர் பேச்சு போனது. நேசித்ததெல்லாம் அவளுக்குச் சரிதான். வாழ்ந்தாள் என்று இரண்டாவது தடவை சொன்னபோது வயரைப் பிடுங்கினாள்.

"வாழுதேன்" என்றாள். அது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது.

மறுநாள் ஆய்வுக் கூடாரத்துக்கு வரச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதற்குள் இரண்டு கட்டில்தான் போடலாம். உள்ளே நடக்க நடக்க இடம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாகப் பானை ஓடுகள். ஒவ்வொன்றின் மேலும் எண். எங்கேயோ ஒருவர் ஓடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓர் ஓடு கழுவி முடிந்தால் கூடாரம் ஓர் எட்டு நீண்டது. அவர் கொஞ்சம் வெற்றிலை போட நிறுத்தியபோதுதான் சந்தனமாரியால் கடைசி மேசைக்குப் போய்ச்சேர முடிந்தது.

மேசையில் ஹெப்சிபா இருந்தாள். எலும்புகளுக்கு வயது பார்க்கும் விஞ்ஞானி, நாசரேத்துக்காரப் பெண். நல்ல மாதிரி. சந்தனமாரிக்கு உட்கார முக்காலி எடுத்துப் போட்டாள்.

"அக்கா, ரெண்டும் ஒரே ஆளுதான். பல்லுல எடுத்துப் பாத்துட்டேன்."

"அப்ப நான் உசுரோட இருக்கேன்னு எழுதிரு."

"மெஷினு அதக் கேக்காதுக்கா. எப்பச் செத்தாங்கன்னு மட்டுந்தான் கேக்கும்."

சந்தனமாரி மெஷினுக்குள் தன் கையை வைத்தாள். அது கொஞ்ச நேரம் உறுமியது. ஒன்றும் காட்டவில்லை. ரொம்பப் புதிதாக இருந்தால் அப்படித்தான் என்று ஹெப்சிபா விளக்கினாள். இவ்வளவு புதிதாக இருக்கிறவர்களும் உலகத்திலேயே இல்லாதவர்களும் மெஷினுக்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்களாம்.

"அப்ப அவதான் அசலா?"

ஹெப்சிபா நேர்மையானவள். யோசித்தாள். "அவுங்க முந்தி வந்தவுங்க" என்றாள்.

"வந்தவ போயிட்டா. நான் போகல."

அது நல்ல கருத்துதான் என்று ஹெப்சிபா ஒப்புக்கொண்டாள். ஆனால் நிரூபிக்க இன்னொரு சந்தனமாரி வேண்டியிருக்கும்.

திரும்பி நடக்கும்போது கூடாரம் இன்னும் நீண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் புருஷன் தவசிக்கனி அவளுடைய படத்துக்குச் சந்தன மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து டீ போட்டுக் கொடுத்தார். அழுகையிலும் சீனியைச் சரியாகத்தான் போட்டிருந்தார்.

"இத்தன காலமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

அவள் மாலையைக் கழற்றி ஆட்டுக்குப் போட்டாள். ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தின்னவில்லை. சந்தன மரத்துச் சீவலை அது எப்படித் தின்னும்.

மகள் கனிச்செல்விக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. கல்யாணத்துக்கு அடுத்த நாளே விமானம். சம்பந்தி பொன்னுலிங்கம் விஷயம் கேள்விப்பட்டு வந்து வாசலிலேயே நின்றார். தண்ணீர் கொடுத்ததற்கு வேண்டாம் என்றார். சாவு எப்போது நடந்திருந்தாலும் தீட்டு, காதில் விழுந்த நாளிலிருந்துதான் கணக்கு. பதினாறு கழியாமல் தாலி கட்ட முடியாது. அதற்குள் பையன் போய்விடுவான், போனால் அடுத்த விடுப்பு எப்போதோ. இதையெல்லாம் அவர் தவசிக்கனியிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற சந்தனமாரியைப் பார்க்கவில்லை. போகும்போது மட்டும் அவளிடம், நல்ல மனுஷியாக இருந்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் எரிச்சல். கோபம் வந்ததும் நேரே குழிக்குப் போனாள். என் எலும்பைக் கொடுங்கள், நான் எடுத்துக்கொண்டு போகிறேன், அது இருந்தால்தானே பேச்சு என்றாள். ஆராவமுதன் எழுந்து நின்று பேசினார். அவருக்கு மரியாதை தெரியும்.

"அது மனித குலத்தோட சொத்தும்மா."

"நானும் மனித குலந்தான?"

அவர் அவளைக் கனிவோடு பார்த்தார். "இருந்திருக்கீங்க" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் முகம் தயாரானது. முகத்தைச் செய்தவர் நீலமேகம். ஓவியக் கல்லூரியில் படித்த சிற்பி. மண்டையோட்டுக்கு அச்செடுத்து, அதன்மேல் களிமண்ணால் தசை தசையாக ஏற்றி, இறந்தவர்களுக்கு முகம் கொடுப்பது அவர் வேலை. சரிபார்த்துச் சொல்லும்படி சந்தனமாரியைக் கூப்பிட்டனுப்பினார்.

அழகான முகம். நீள மூக்கு. தூரத்தில் எதையோ பார்க்கும் கண்கள். உதடுகள் மூடியிருந்தன. சந்தனமாரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீலமேகம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சந்தனமாரியின் மூக்கு சரியாக வரவில்லை என்றார். எலும்பு சொல்வது வேறு மூக்காம்.

"எலும்பு என்னுது."

"அதனாலதான் நம்புறேன்."

வாயை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். மூடியிருந்தால்தான் சாந்தம் வரும் என்றார். நான் என்றைக்குச் சாந்தமாக இருந்தேன் என்று கேட்டாள். அது எலும்பில் தெரியாது, அந்த இடத்தில் கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டு என்றார்.

ஊருக்கு முகத்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். பூ வைத்தார்கள். மருமகள் கொடுமை, மழையில்லாமை, கால்வலி எல்லாவற்றையும் அதனிடம் சொன்னார்கள். சந்தனமாரியிடம் சொன்னால் பதில் சொல்லுவாள். முகம் கேட்டுக்கொண்டது. மூன்றாவது தெருவுக்குப் போய்ச்சேர்வதற்குள் அதற்கு அவள் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பொன்னுலிங்கமும் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் கைகுவித்தார். தாய் ஸ்தானத்தில் இந்த முகத்தை உட்காரவைத்தால் அது முன்னோர் ஆசி, அங்கே தீட்டு எப்படி வரும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. சந்தனமாரி வரக்கூடாது. ஒரே ஆளுக்கு மேடையில் இரண்டு நாற்காலி போட முடியாது. எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. தவசிக்கனிக்கும்தான். கல்யாணத்தைக் குழிப்பக்கமே வைத்துக்கொள்ளலாம், மக்கள் பங்கேற்பு என்று தங்கள் திட்டத்திலேயே ஒரு பகுதி இருக்கிறது என்று ஆராவமுதன் சந்தோஷமாக இடம் கொடுத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் கனிச்செல்வி அடுப்படிக்கு வந்தாள். சந்தனமாரி அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வருவியாம்மா?"

"வருவேன்."

"சண்ட போடுவியா?"

"போட வேண்டி வந்தா."

கனிச்செல்வி யோசித்தாள். "அந்த மொகத்துக்கு மஞ்சப் பட்டு கெட்டப் போறாவளாம். நீ பச்சையக் கெட்டிக்கிட்டு வா" என்றாள். பிறகு அம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு மீதி மசாலாவை அவளே அரைத்தாள்.

வெள்ளிக்கிழமை குழியோரம் பந்தல். மைக்செட் வேலைக்கு உயிரோடிருப்பவர்கள்தான் வரவேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. எனவே சந்தனமாரி விடியற்காலையிலேயே போய்க் குழாய்களைக் கட்டிவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் தவசிக்கனி. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு குடத்தைக் கவிழ்த்து, அதன்மேல் முகத்தை வைத்து, கீழே மஞ்சள் பட்டைச் சுற்றியிருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. தாரை வார்க்கும் நேரம் வந்தது. தாய் செம்பில் நீர் வார்க்க வேண்டும், தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஐயர் செம்பை முகத்திடம் நீட்டினார். முகத்துக்குக் கை இல்லை.

எல்லாரும் நீலமேகத்தைப் பார்த்தார்கள். தன்னிடம் யாரும் கை கேட்கவில்லை என்றார்.

ஆராவமுதன் சமயோசிதமான ஆள். ஆய்வுக் கூடாரத்துக்கு ஆளனுப்பினார். ஹெப்சிபா கையுறை மாட்டிக்கொண்டு ஒரு தட்டில் இரண்டு கை எலும்புகளையும் விரல் விரலாக அடுக்கிக் கொண்டுவந்தாள். மேலே செம்பை வைத்தார்கள். காத்திருந்தார்கள். எலும்புகள் கிடந்தன. ஐயர் முகூர்த்தம் போகிறது என்று முணுமுணுத்தார். மேளக்காரர் ஓர் அடி அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சந்தனமாரி எழுந்து மேடையேறினாள். பொன்னுலிங்கம் குறுக்கே வந்து நின்றார்.

"செத்தவுங்க தாரை வாக்கப்படாது."

"செத்தவ கை அந்தத் தட்டுல கெடக்கு. இது எங்கை."

அவள் கையை அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். மசாலா வாசம் அடித்திருக்க வேண்டும். அவர் தும்மினார். தும்முகிற நேரத்தில் அவள் அவரைத் தாண்டிப் போய்ச் செம்பை எடுத்தாள். தவசிக்கனி முகத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மகளின் கையைப் பிடித்து நீட்டினார். "தண்ணிய மெதுவா ஊத்து" என்றார். கெட்டிமேளம் முழங்கியது. சந்தனமாரி குனிந்து, தன் மகளின் கை நனைவதைப் பார்த்தாள். அழவில்லை. அழுதால் இறந்தவர்கள் உருகினார்கள் என்று யாராவது குறிப்பெடுப்பார்கள்.

கல்யாணம் முடிந்தது. தான் எதையும் பார்க்கவில்லை என்று பொன்னுலிங்கம் பொதுவாக அறிவித்தார். முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

பெரியவர்கள் எல்லாருக்கும் இலை போட்டிருந்தது. சந்தனமாரிக்கு இல்லை. இறந்தவர்களுக்குத் தனியாக, கூரைமேல் காக்காய்க்கு வைத்திருந்தார்கள். அவள் இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவினாள். ஆராவமுதனுக்கும் பொன்னுலிங்கத்துக்கும் நடுவில் நகர்ந்து இடம் பண்ணி உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தாள். சோறு கொண்டுவந்தவன் அவள் இலையைத் தாண்டினான். அவள் வாளியின் விளிம்பைப் பிடித்தாள்.

"வையி."

அவன் ஆராவமுதனைப் பார்த்தான். ஆராவமுதன் ஹெப்சிபாவைப் பார்த்தார். எதிர்வரிசையிலிருந்த ஹெப்சிபா சந்தனமாரியைப் பார்த்தாள்.

"பசிக்கா, அக்கா?"

"பசிக்கு."

"வைங்க" என்றாள் ஹெப்சிபா. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்.

பருப்பும் நெய்யும் வந்தன. சாம்பார் வந்தது. சந்தனமாரி அவசரப்படாமல் சாப்பிட்டாள். மற்றவர்கள் பாயசம் குடித்து, மோருக்கும் சாப்பிட்டு, இலையை மூடப் போனார்கள். அவள் அப்போதுதான் புளிக்குழம்புக்குச் சோறு கேட்டாள். பந்தியில் ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழக்கூடாது. பனையடிக்குளத்தில் அது எல்லாருக்கும் தெரியும். சென்னையிலும் தெரியும். உட்கார்ந்திருந்தார்கள்.

விரல்கள் காய்ந்தன. பந்தல் நிழல் கிழக்கே போய்த் திரும்பி வந்தது. அவளுக்கு ஒவ்வொரு கவளமும் ருசித்தது. இவ்வளவு நன்றாக இதுவரை சாப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை. கனிச்செல்வி துபாய்க்குப் போய், விடுப்பில் வந்து, பந்தலோரம் நின்று இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டாள். அப்பளம் என்றாள். கொண்டுவந்து வைத்தாள். காற்று மண்ணை அள்ளிக் கொண்டுவந்து போட்டபடி இருந்தது. வரிசை நெடுகச் சம்மணக் கால்கள் மண்ணில் புதைந்தன. நீலமேகத்துக்கு முழங்கால் மறைந்துவிட்டது. ஆராவமுதனுக்கு இடுப்புவரை ஏறியிருந்தது. அவர் மண்ணின் நிறம் எங்கெங்கே மாறுகிறது என்று தன் சட்டையிலேயே குறித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதாம்மா?" என்று பொன்னுலிங்கம் தாழ்மையாகக் கேட்டார்.

சந்தனமாரி இலையோரத்து மண்ணைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். சோற்றின் நடுவில் விரலால் ஒரு குழி செய்தாள்.

"ரசம்" என்றாள்.