எட்டு மணி மாத்திரை

ஸ்டீராய்டு என்றாலே எங்கள் தெருவில் முகம் சுளிப்பார்கள். உடம்பு ஊதிப்போகும், எலும்பு உளுத்துப்போகும் என்று ஆளுக்கொரு வைத்தியம் பேசுவார்கள். அது இல்லாவிட்டால் மாலதி செத்துப்போவாள் என்பது மட்டும் ஒருத்தர் காதிலும் ஏறாது.

மாலதி நான்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் எனக்குக் காசநோய் வந்து போனது. போகும்போது சும்மா போகவில்லை. சிறுநீரகங்களின் தலையில் குல்லா போல உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகளையும் தின்றுவிட்டுப் போனது. பசி, வெயில், காய்ச்சல், சண்டை என்று எது வந்தாலும் மூளை அந்தச் சுரப்பிகளுக்குத்தான் ஆணை அனுப்பும். அவை இறக்கிவிடும் ஹார்மோன்தான் ரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்கும். என் உடம்பில் ஆணை வருகிறது, கேட்க ஆளில்லை. அதனால் காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, மத்தியானம் இரண்டு மணிக்கு அரை மாத்திரை. உயிர் உள்ளவரைக்கும் இதுதான் கணக்கு.

நாத்தனார் மங்களாம்பிகையிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"மதகு ஷட்டர் சாவி தொலைஞ்ச வாய்க்கா மாதிரி அண்ணி. அணையில தொறந்து விட்டாலும் வயலுக்கு வராது. மாத்திரைதான் சாவி."

"சாவி ஆத்தாகிட்ட இருக்கு" என்றார் அண்ணி.

கெட்டவர் இல்லை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்க, நான் நோயில் கிடந்த மூன்று மாதமும் என் வாந்தியை அள்ளிக் கொட்டியவர் அவர்தான். அப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது? ஆடி கடைசி வெள்ளியில் நான் பால்குடம் எடுத்தால் மாத்திரையில்லாமல் எழுந்து நடமாடுவேன் என்று அவரே வேண்டிக்கொண்டார். குடம் எடுக்கச் சம்மதித்தேன். மாத்திரை அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஆற்றில் முழுகி மஞ்சள் புடவை மாற்றும்போது அட்டை படித்துறையில் விழுந்தது. அண்ணி எடுத்துவிட்டார்.

"விரதத்துல மருந்தா? குடம் எறங்கட்டும், தர்றேன்."

மணி எட்டாகப் போகிறது என்று நான்கு தடவை கேட்டேன். அவர் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். நாற்பது பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். போகட்டும், ஒரு மணி நேரம்தானே என்று வீம்பாகக் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தேன். அது என் முட்டாள்தனம்.

ஏனென்றால் எங்கள் ஊரில் பால்குடம் நேராகக் கோயிலுக்குப் போகாது. ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆரத்தி எடுப்பார்கள். பத்தரை மணியாகியும் பாதித் தெருதான் தாண்டியிருந்தோம். முந்தைய நாளிலிருந்து வெறும் வயிறு. தார் ரோடு காலைப் பொசுக்கியது. ஹார்மோன் இல்லாத குறைக்கு நரம்புகள் தம்மாலான வேலையைச் செய்தன. நெஞ்சு படபடத்தது, வியர்த்துக் கொட்டியது, கைகால் வெடவெடத்தது. கண் இருட்டி முழங்காலில் விழுந்தேன். அண்ணி குடத்தைத் தாங்கிப் பிடித்தார்.

"அருள் வந்துருச்சு!" என்று யாரோ குலவையிட்டார்கள். பம்பைக்காரர்கள் என் காதோரம் வந்து அடித்தார்கள். பூசாரி பஞ்சநதம் வேப்பிலையால் முகத்தில் வீசினார்.

"தாயி, யாரு வந்திருக்கீங்க? சொல்லுங்க!"

"மாத்திரை... எட்டு மணி மாத்திரை..."

"மாலதிதான் பேசுது. ஆத்தா இன்னும் எறங்கல. நல்லா அடிங்கடா!"

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! மாலதி சாகக் கிடந்து கேட்டால் மேளம்தான் கிடைக்கும் போல. இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"மாரி வந்திருக்கேன்டா! மங்களாம்பிகை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கிறத அவுத்து எங்கையில குடு!"

மேளம் நின்றது. முடிச்சில் இருப்பது ஆத்தாளுக்கு எப்படித் தெரிந்தது என்று, படித்துறையில் நடந்ததைப் பார்க்காத தெரு ஜனமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அண்ணி முடிச்சை அவிழ்த்தார். மயங்கி விழுந்தால் மூன்று மடங்கு போடச் சொல்லியிருந்தார் டாக்டர். மூன்று மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, குடத்துப் பாலை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தேன். அம்மனுக்குக் கொட்ட ஒருத்தி வைத்திருந்த உப்பு மிளகுப் பொட்டலத்தைப் பிடுங்கி உப்பை நக்கினேன்; சுரப்பி போன உடம்பில் உப்பும் தங்காது.

புங்க மரத்தடியில் அரைமணி நேரம் கிடந்த பிறகு கண் தெளிந்தது. பார்த்தால், காலடியில் வரிசை. ஒருத்தி மகள் கல்யாணத்துக்குக் குறி கேட்டாள். அண்ணி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆத்தாளாகவே இருந்துவிடலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது. இனி என் மாத்திரையை ஒருத்தரும் தொட மாட்டார்கள். ஆனால் மாரிக்குக் கொடுத்ததை மாலதிக்கு ஏன் கொடுக்கவில்லை?

"எந்திரிங்க" என்றேன். "ஆத்தா வரல. நான்தான் பேசினேன்."

பூசாரி முகம் சிவந்தார். "தெய்வக் குத்தம்!"

"குத்தம்னா ஆத்தா எங்கிட்ட கேக்கட்டும். கேக்குறதுக்காச்சும் நான் உசுரோட இருக்கணும்ல?"

"அப்ப எம் வேண்டுதலு?" என்று கேட்டார் அண்ணி.

"எந்திரிச்சு உக்காந்திருக்கேனே, இதுதான் அண்ணி உங்க வேண்டுதல். மாத்திரை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

"எச்சில் குடம், உள்ள வரக் கூடாது" என்றார் பூசாரி. அண்ணி அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். நான் நீட்டிய மாத்திரை அட்டையைப் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டார். குடத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "மெதுவா எம் பக்கத்துலயே வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார். தடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மத்தியானம் கோயிலில் அன்னதானப் பந்தி. மணி இரண்டு. ஊரே இலை முன்னால் உட்கார்ந்திருந்தது. எல்லார் காதிலும் விழும்படி, என் சொந்தக் குரலில் கேட்டேன்.

"அண்ணி, மாத்திரை."

சோறு பிசைந்த கைகள் நின்றன. அண்ணி எழுந்து வந்து, எல்லாரும் பார்க்க முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"அரையா, ஒண்ணா?" என்று கேட்டார்.

ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.