குடலுக்குள் கிடந்த பை

பன்னிரண்டு ரூபா அறுபது சதம். எங்கள் கொட்டாஞ்சேனைச் சகாய சங்கம் எனக்குத் தரவேண்டியது. நோயில் வேலைக்குப் போகாமல் கிடந்த ஆறு கிழமைக்கான உதவிச் சல்லி.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, துறைமுகத்தில் அரிசி மூடை இறக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வயிற்றால் இரத்தம் போனது. வலி இல்லை. கருஞ்சிவப்பாய் இரத்தம் மட்டும். வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். உடம்பு குளிர்ந்துவிட்டதென்று மனிசி கொன்ஸ்ரன்ஸ் சாராயத்தைச் சுடவைத்துக் கைகாலெல்லாம் தேய்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சங்கப் பொருளாளர் ஒஸ்வால்ட் வந்தார். நோயாளியை நேரில் பார்த்த பிறகுதான் சங்கம் சல்லி கொடுக்கும்.

வாசலிலேயே மூக்கைச் சுளித்தார். "என்ன சவுந்தரநாயகம், சாராயத் தவறணையை வீட்டுக்கே கொண்டுவந்திட்டியோ?"

"தேய்ச்சதண்ணே. நான் வாயில வைச்சதே இல்லை."

"குடிச்ச குடல்தான் இரத்தம் கக்கும். குடிகாரனுக்குச் சங்கத்தில ஒரு சதமும் இல்லை. குடிச்சனான் எண்டு ஒத்துக்கொள், இரக்கப்பட்டுப் பாதி தரச் சொல்றன்."

"பாதிக்கு என்ர பேரை விக்கவோ? போயிட்டு வாங்கோ."

வீட்டில் அரிசி இல்லை. "பாதியாவது வருமேயப்பா" என்று அழுதாள் கொன்ஸ்ரன்ஸ். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மூன்றாம் நாள் மறுபடியும் இரத்தம் போனது. கண் இருண்டது. ஆஸ்பத்திரியில் டொக்குத்தரும் முதலில் குடியைத்தான் கேட்டார்.

"வெட்டிப் பாருங்கோ ஐயா. உள்ளே சாராயம் இருந்தால் வெளியே எறியுங்கோ என்னை."

சிரித்தார். வெட்டினார்.

இரைப்பையில் புண் இல்லை. சிறுகுடலின் கடைசியில் பெருவிரல் அளவில் ஒரு பை. தாய் வயிற்றில் குடலையும் தொப்புளையும் தொடுத்திருந்த குழாயின் மிச்சமாம். பிறக்கமுன்னமே மறைந்துபோக வேண்டியது, எனக்குள் தங்கிவிட்டது. இரைப்பையைப்போல அதுவும் புளிப்புச் சுரந்து பக்கத்துக் குடலை அரித்திருக்கிறது. முப்பத்தொன்பது வருசம் பேசாமல் கிடந்த சனியன். அறுத்தெடுத்துத் தைத்துவிட்டார்.

ஆறாம் கிழமை, வயிற்றைப் பிடித்தபடி சங்கக் கூட்டத்துக்குப் போனேன். டொக்குத்தரின் கடுதாசி இங்கிலீசில். எனக்குத் தமிழெழுத்தே முப்பத்தைந்து வயதில்தான் வந்தது. ஆனால் டொக்குத்தர் வாயால் சொன்னதில் ஒரு சொல்லும் மறக்கவில்லை. கடுதாசியை இங்கிலீசு தெரிந்த ஒஸ்வால்ட்டிடம் நீட்டினேன்.

"தமிழில சொல்லுங்கோ. எல்லாரும் கேக்கட்டும்."

"பிறவிக் கோளாறு" என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது.

"சத்தமா, அண்ணே."

பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான்: "அப்ப தாய் வயித்துக்குள்ளேயே தவறணை இருந்ததோ, ஒஸ்வால்ட்?"

மண்டபமே சிரித்தது. அவர் சங்கப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பத்து ரூபாவையும் எடுத்து வைத்தார். "மிச்சம் வாற மாசம்..."

"இண்டைக்கு."

நான் உட்காரவில்லை, நகரவுமில்லை. தையல் இழுத்தது. அவர் தன் சட்டைப்பையைத் துழாவி, கடைசிச் சதம்வரை மேசையில் வைத்தார். எடுத்து மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன்.