பாலிஷ் அக்கா அழித்த மச்சம்

போட்டோ ஸ்டுடியோவில் அவளைப் 'பாலிஷ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த முகத்தைக் கொடுத்தாலும் பளபளவென்று ஆக்கித் தந்துவிடுவாள். நிழலைக் கொஞ்சம் வெளுப்பது, மஞ்சளைக் குறைப்பது, பருவையும் தழும்பையும் பக்கத்துத் தோலை எடுத்து மூடுவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரிஜினலில் கை வைக்காதே, நகல் எடுத்து அதில் வேலை செய் என்று கூட வேலை பார்ப்பவர்களை ஓயாமல் நச்சரிப்பாள். சொந்த வீட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. போனில் இடமில்லை என்று சாக்குச் சொல்லி, மகளின் படத்தைத் திருத்திய கையோடு ஒரிஜினலை அழித்துவிடுவாள்.

மகளுக்கு ஆறு வயது. கன்னத்தில் பிறந்ததிலிருந்தே காப்பி நிறத்தில் ஒரு மச்சம், கட்டைவிரலால் மூடிவிடலாம். எந்தப் படத்திலும் அது தப்பியதில்லை.

அந்த மகளைத்தான் கேமரா கண்காட்சியில், பட்டப்பகலில் தொலைத்துவிட்டாள். சுருக்கத்தை ஒரே நொடியில் துடைக்கும் புதுச் சாப்ட்வேர் ஒன்றைப் பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்களே செய்து பாருங்கள் என்று பேனாவை நீட்டியதும் பிள்ளையின் கையை விட்டாள். திரையில் இரண்டு நெற்றியின் சுருக்கத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம்.

பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு உதவி மேசைக்கு ஓடினாள். அங்கிருந்த காவலாளி நிதானமான மனிதர். அந்த நிதானத்தைப் பார்க்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போட்டோ இருக்காம்மா?"

"நெறைய இருக்கு." ஒன்றை அனுப்பினாள். அது ஐந்து வாசல்களுக்கும் போனது. ஒலிபெருக்கியில் பெயரையும் சொன்னார்கள், யார் காதில் விழுந்ததோ. இருபது நிமிடம் ஆகியும் ஒரு தகவலும் இல்லை.

"அடையாளம் ஏதாச்சும் உண்டா?"

"கன்னத்துல மச்சம். பெருசா இருக்கும்."

அவர் போனைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இதுல இல்லையே?"

"நான்தான்... அழிச்சேன்."

"பெத்த புள்ள மூஞ்சியையா?" குரல் மாறிவிட்டது. "இது உங்க பொண்ணுதானாம்மா?"

நானூறு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நானூறிலும் மாசு மருவற்ற ஒரு பெண் சிரித்தாள். கணவனுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா போட்டோ, நீங்களா எடுத்தது ஏதாச்சும் இருக்கா?"

"நீ அனுப்புனதுதான் இருக்கு. ஏன், என்ன ஆச்சு?"

போனை வைத்துவிட்டாள்.

"எல்லார் கையிலயும் தப்பான படம் போயிருச்சு," என்றார் காவலாளி. "சரியானத குடுங்க. எந்தக் கன்னம்?"

தெரியவில்லை. செல்பியில் ஒரு பக்கம், திருப்பிப் போட்ட படத்தில் மறுபக்கம் என்று எத்தனையோ முறை அழித்தவளுக்கு அது எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். கண்ணை மூடினாள். காலையில் முகம் கழுவிவிடும்போது இடது கையால் மோவாயைப் பிடிப்பாள். வலது கட்டைவிரலில் அந்த இடம் மட்டும் சொரசொரக்கும். அப்படியென்றால் பிள்ளைக்கு இடது கன்னம்.

போனிலேயே மச்சத்தை வரைய ஆரம்பித்தாள். முதலில் வட்டமாக வந்தது. வட்டம் இல்லை, கீழே ஒரு வால் இருக்கும். நிறம் சிவந்துவிட்டது, குறைத்தாள். கை உதறியதில் மூக்கின் மேல் ஒரு கோடு விழுந்தது. அழுதுகொண்டே அதைத் துடைத்தாள். இவ்வளவு மோசமாக அவள் எந்தப் படத்தையும் திருத்தியதில்லை. அப்படியே அனுப்பினாள்.

நான்கு நிமிடத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது. வடக்கு வாசலில் இருக்கிறாள்.

அங்கே போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் மேல் மோதினாள். தண்ணீர்ப் பந்தல் பெஞ்சில், யாரோ ஒரு குடும்பத்துக்கு நடுவே, மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாசல் காவலுக்கு நின்ற பெண் கையைப் பிசைந்தாள்.

"மொதல் படம் வந்தப்பவே பாப்பாகிட்ட காட்டிக் கேட்டேங்க. இது நீயான்னு. இல்லன்னு தலையாட்டிருச்சு. படத்துல இல்லாத மச்சம் வேற இருந்துச்சா, இந்தக் குடும்பத்துப் புள்ளைன்னு விட்டுட்டேன்."

மகளை வாரி அணைத்தாள். உயிர் திரும்பி வந்ததும் கோபமும் வந்தது.

"ஏன்டி இல்லன்னு சொன்ன? அம்மா செத்தே போயிருப்பேன்."

மகளின் உதடு பிதுங்கியது.

"அது உனக்குப் புடிச்ச பாப்பாம்மா. நீ அவளத்தான் தேடுறன்னு நெனச்சேன்."