குளிர் நிறுத்திய வாக்கியம்

1

இந்தக் கதை பிறந்தது அறுவை சிகிச்சை மேசையில். மண்டையோட்டில் ஒரு ஜன்னல் திறந்திருக்க, விழித்தபடி படுத்துக்கொண்டு இதைச் சொன்னேன். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

எனக்கு வலிப்பு நோய். அது கிளம்பும் இடமும் பேச்சுக்கான இடமும் மூளையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். வெட்டி எடுத்தால் வலிப்போடு சேர்ந்து சொற்களும் போகலாம். எழுதிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற சேதியா இது? வெட்டாமல், அந்த இடத்தைக் குளிர வைத்து வலிப்பை அடக்கிப் பார்க்கலாம் என்றார்கள். குளிர வைக்கும் சின்னத் தகட்டை உருவாக்கிய பொறியாளர் என் தங்கை.

2

தொடக்கம்: சிறுவயதில் எனக்கு வலிப்பு வந்தபோது, தங்கை ஓடிவந்து என் தலையில் ஐஸ் கட்டியை வைத்தாள்.

[வரைவைப் படித்த தங்கை இதை அடித்துவிட்டாள். "புளுகாதண்ணே. நான் அந்த ஐஸைத் தின்னுட்டு நின்னேன். பயத்துல துப்பக்கூடத் தோணல."]

சரி, தின்றுகொண்டே நிற்கட்டும்.

3

"நிறுத்தாம ஏதாவது பேசிட்டே இருங்க," என்றார் டாக்டர்.

"கதை சொல்லட்டுமா?"

"உனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள் தங்கை, கருவியருகே முகக்கவசத்துடன் நின்றபடி.

ஆரம்பித்தேன். "ஐஸ் தின்றுகொண்டிருந்த அந்தச் சிறுமி, அண்ணன் கண் விழித்ததும் முதலில்

[இங்கே நின்றுபோனது. குளிர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, சொல்தான் வரவில்லை. செத்தேன் என்று நினைத்தேன்.]

அவள் குளிரைக் குறைத்தாள். பேச்சு திரும்பியது. கூடவே வலது கை விரல்கள் துடிக்கத் தொடங்கின. எனக்குப் பழகிய துடிப்பு, வலிப்பின் முன்னறிவிப்பு.

இம்முறை அவள் அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்தாள். விரல்கள் அடங்கின.

"அண்ணே, பேச முடியுதா?"

"இவ்வளவு நேரம் உன்னைத் திட்டிட்டுத்தானே இருக்கேன், கேக்கலையா?"

அறையே சிரித்தது. அவள் முகக்கவசம் நனைந்திருந்தது. என் தங்கை! தெருவில் இறங்கி, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

4

முடிவு ஒன்று: தகட்டை நிரந்தரமாகப் பொருத்துகிறார்கள், வலிப்பு வரவே இல்லை. முடிவு இரண்டு: வருகிறது, அவள் மறுபடி கருவியைத் திருத்த உட்காருகிறாள். அன்று நடந்தது சோதனைதான்; பொருத்தும் நாள் இன்னும் வரவில்லை. எது நடக்கும் என்று எனக்கே தெரியாது.

அறுந்த அந்த வாக்கியத்தை இப்போது என்னால் முடிக்க முடியும். சொற்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆனாலும் முடிக்காமல் உங்களிடம் தருகிறேன். அன்று நிறுத்தியது குளிர். இன்று நிறுத்துகிறவன் நான்:

அந்தச் சிறுமி, அண்ணன் கண் விழித்ததும் முதலில்