தார் பூசிய சேசிஸ்

வெல்டர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சுத்தியலால் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸைத் தட்டியபடியே பின்பக்கமாக நகர்ந்தார். முன்சக்கரத்துப் பக்கம் கணீர் கணீர் என்று கேட்ட சத்தம், நடுவில் வந்ததும் மந்தமாகி, பின்சக்கரத்தை நெருங்கும்போது தொப்பென்று செத்துவிட்டது. ஈர மூட்டையைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். வெளியே நின்றிருந்த வண்டிக்காரர் கிட்டே வந்தார்.

"என்னப்பா அது?"

"ஸ்க்ரூ டிரைவர எடுங்கண்ணே. பெருசு."

அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வாங்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வெல்டர், "குனிஞ்சு பாருங்க" என்றார்.

குனிந்து பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் சேசிஸுக்குள் போயிருந்தது. வெல்டர் அதை ஒரு திருகு திருகியதும் துருவும் தார்ப் பொருக்கும் பொலபொலவென்று அவர் நெஞ்சிலேயே கொட்டின.

"எப்படிப்பா? போன வருஷம் நான்தான அடியில படுத்துத் தார் அடிச்சேன்? கன்னங்கரேல்னு இருந்துச்சே!"

"தாரு இப்பவும் கன்னங்கரேல்னுதான் இருக்கு. உள்ள இரும்புதான் இல்ல."

வண்டிக்காரரை எல்லோரும் ஜீப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். "ஜீப்பு வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால் ஆளைக் கேட்கிறார்களா வண்டியைக் கேட்கிறார்களா என்று தெரியாது. இரண்டும் சேர்ந்தேதான் வரும் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. பட்டறைக்கு வெளியே போனார், உள்ளே வந்தார், மறுபடி வெளியே போனார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

வெல்டர் வெளியே வந்து சட்டையை உதறினார். டீ குடிக்கும்போதுகூடக் கழற்றாத கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"தார் அடிக்கறதுக்கு முன்னாடி கழுவுனீங்களா?"

"பின்ன? நல்லாக் கழுவினேன்."

"காய வெச்சீங்களா?"

காய வேண்டுமென்றால் வண்டியை இரண்டு மூன்று நாள் வெயிலில் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அந்த இரண்டு மூன்று நாளும் மீன் ஏற்றும் கரையில் வேறு ஒருவனுடைய வண்டி ஓடும். அப்புறம் அதுவே ஓடும். அதனால் வண்டித் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகும் நாளுக்கு முன்னால், இரவு கழுவி விடியற்காலை தார் அடித்துவிடுவார். வருஷா வருஷம் அப்படித்தான். சோதனை செய்கிறவர் குனிந்து பார்த்து, "பழைய வண்டியா இருந்தாலும் பொண்ணு மாதிரி வெச்சிருக்கய்யா" என்று தட்டிக்கொடுத்ததும் உண்டு. அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"உப்புத் தண்ணிய உள்ள வெச்சு மேல மூடி போட்டுட்டீங்கண்ணே" என்றார் வெல்டர். "தார் அடிக்காம விட்டிருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்."

ஜீப்பு வண்டியின் பானெட்டின் மேல் ஓங்கி ஒரு குத்து விட்டார். கைதான் வலித்தது.

"சரி, வெல்டு வெச்சுக் குடு."

"எதுமேல வெக்கறது? வெல்டு பிடிக்க இரும்பு வேணும்ல?"

"பிளேட் வெச்சு அடி. என்னமோ பண்ணு. வண்டி நாளைக்குக் கரைக்குப் போகணும்."

வெல்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தார். "வெச்சுத் தரேன். ஆனா சொல்லிட்டேன், பாதி லோடுதான். முழு லோடு ஏத்தி மணல்ல எறக்குனீங்க, ரெண்டா மடங்கிரும். அப்புறம் என்னை வந்து கேக்கக் கூடாது."

கரையில் துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது. படகுகள் மணலில் ஏறி நிற்கும். அங்கிருந்து தார் ரோடு வரைக்கும் காலை வைத்தால் புதையும் மணல். லாரி வராது, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் வரும். மீன் பெட்டிகளில் கல்லுப்பைத் தூவிய ஐஸ் நிரம்பியிருக்கும். ஐஸ் உருகி வழியும் தண்ணீர் வண்டித் தொட்டியின் ஓட்டைகள் வழியாக நேராகச் சேசிஸில் இறங்கும். பெட்டியைக் கொஞ்ச நேரம் மணலில் சாய்த்து வைத்தால் பாதித் தண்ணீர் வடிந்துவிடும். மீன் கம்பெனி அதற்கு விட்டதில்லை. ரோட்டில் நிற்கும் லாரிக்காரன் பெட்டியோடு எடை போட்டு வாங்குகிறவன். தண்ணீர் வடிந்தால் எடை போய்விடும். படகிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து வண்டிக்கு, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பிளேட் வைத்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஜீப்பு சாப்பிட உட்கார்ந்தார். நாலு வாய்கூடப் போகவில்லை. எழுந்து டார்ச்சையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். வெல்டர் பிளேட் வைத்த இடம் உறுதியாக இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிக் குத்தினார். உள்ளே போனது. இன்னும் தள்ளிக் குத்தினார். அங்கேயும் போனது. குத்தக் குத்த ஆத்திரம் ஏறியது, ஆத்திரம் ஏற ஏறக் குத்தினார்.

அவர் மனைவி கம்பெனிக் கொட்டகையில் இறால் உரிக்கிறவள். விரல் நுனிகளில் போட்ட துணிக்கட்டோடு வந்து வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, குத்திக் குத்தியே அதுக்கு மோட்சம் குடுத்துருவீங்க போலிருக்கே."

"பத்திக்கிட்டு வருதுடி எனக்கு."

"யார் மேல?"

"என் மேலதான். வேற யார் மேல? காசு குடுத்து வாங்கின தாரை என் கையால பூசிப் பூசி அழிச்சிருக்கேன். இப்படி ஒரு மடையன் உலகத்துல உண்டா?"

"நாள் முழுக்க அதுல உப்புத் தண்ணிய ஊத்தினது யாரு?"

அடியில் டார்ச் வெளிச்சம் மட்டும் அங்கும் இங்கும் அலைந்தது.

"வித்துரலாமா?" என்றாள் அவள். "மேல இன்னொரு தடவ தார் அடிச்சா எவனுக்குத் தெரியப் போகுது?"

"வாங்கறவன் பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போவான்."

"சும்மா சொன்னேங்க."

"நீ சும்மா சொல்லல."

"சரி, சும்மா சொல்லல. பயந்துக்கிட்டுச் சொன்னேன். போதுமா? வெளிய வாங்க, சோறு ஆறுது."

காலையில் கரைக்குப் போனதும் ஜீப்பு முதலில் கம்பெனி சூப்பர்வைசரைத் தேடிக்கொண்டு போனார். அவர் குடை நிழலில், மடிப்புக் கலையாத சட்டையோடு, போன் பேசிக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லோரையும் சிரித்த முகத்தோடுதான் வேலை வாங்குவார்.

"சார், வண்டி அடியில கொஞ்சம் வேலை இருக்கு. ஒரு ரெண்டு மாசம் பாதிப் பாதியா ஏத்திக்கறேன். நடை கூடுதலா வரேன், அதுக்கு எதுவும் கேக்க மாட்டேன். அப்புறம் பெட்டிய ஒரு பத்து நிமிஷம் சாய்ச்சு வெச்சுத் தண்ணி வடிஞ்சப்புறம்…"

"ஏம்ப்பா ஜீப்பு, நீயே சொல்லு. தண்ணி வடிஞ்சா எடை என்ன ஆவும்?"

"குறையும் சார். ஆனா அந்தத் தண்ணிதான் சார் என் வண்டியத் தின்னுருச்சு. வந்து அடியில பாருங்க, சல்லடையா நிக்குது."

சூப்பர்வைசர் சிரித்தார். "கடல்ல உப்பு இருந்தா அதுக்குக் கம்பெனி என்னப்பா பண்ணும்?"

பக்கத்தில் நின்ற சுமைக்காரர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு அதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. சார் சிரித்தால் சிரித்துவைப்பதுதான். ஜீப்புக்குக் காது வரைக்கும் சுட்டது.

"பாதி லோடெல்லாம் சரிப்படாது. அதுக்குள்ள வெயில் ஏறிடும். உன்னால முடியலைன்னா சொல்லு, நான் வேற பாக்கறேன். இதுல வருத்தமே வேணாம்."

முடியாது என்று சொல்லிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த நிமிஷம் அவர் யார்? ஜீப்பு வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகப் படகுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினார். சுமைக்காரர்கள் தலையிலிருந்து பெட்டிகளை இறக்கி அடுக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெட்டி விழும்போதும் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் உடம்பில் அது விழுந்தது. "மெதுவாப்பா, மெதுவா" என்று ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே இருந்தார். "உன் தலையிலயா வெக்கறோம்? ஏன்யா அலர்றே?" என்றான் ஒருவன். தொட்டி நிறைந்தது. மேலே இன்னொரு அடுக்கும் ஏறியது.

முதல் கியரில் மெல்ல நகர்த்தினார். வண்டி முனகியது. ஈர மணலைத் தாண்டிக் காய்ந்த மணலில் ஏறும் மேட்டில், முதுகுக்குப் பின்னால் படீர் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் அவர் கையிலிருந்து ஒரு இழு இழுத்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்து எழும்ப, பின்தொட்டி கீழே உட்கார்ந்தது. பெட்டிகள் சரிந்து மணல் முழுக்க மீன் சிதறியது. கதவைத் தள்ளினார். வரவில்லை. சேசிஸ் மடங்கியதில் கதவு நிலையோடு நெரிந்து இறுகிவிட்டது. தோளால் இடித்தார், காலால் உதைத்தார், ஊஹூம். கடைசியில் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்துக் கையை ஊன்றி மணலில் விழுந்தார். மூச்சு வாங்கியது. வெல்டர் வைத்த பிளேட் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் முறிந்திருந்தது.

கொட்டகையிலிருந்து அவர் மனைவி ஓடிவந்தாள். "அடி பட்டுச்சா? எங்க பட்டுச்சு? காட்டுங்க!" என்று தலை, தோள், முழங்கை எல்லாம் தடவிப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "போச்சுடி" என்றார். "போனாப் போவுது, நீங்க இருக்கீங்கல்ல?" என்று திட்டுகிற குரலில் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர், "மொதல்ல மீனப் பொறுக்குங்கப்பா, மணல் ஒட்டுது பாருங்க" என்று எல்லோரையும் விரட்டினார். அவளும் குனிந்து பொறுக்கினாள். ஜீப்பும் பொறுக்கினார்.

பழைய இரும்புக்காரர்கள் வந்து வண்டியை நின்ற இடத்திலேயே வெட்டி எடுத்துப்போனார்கள். அதைப் பார்க்க அவர் போகவில்லை. வீட்டிலும் இருக்க முடியவில்லை. கடைத்தெரு வரைக்கும் நடப்பார், பாதியில் திரும்புவார். சட்டைப் பையில் சாவியைத் துழாவுவார். மனைவி ஒன்றும் கேட்பதில்லை. அவள் தினமும் கொஞ்சம் கூடுதல் கூடை இறால் வாங்கி உரித்தாள். துணிக்கட்டு மூன்று விரலிலிருந்து ஐந்து விரலுக்குப் போனது.

சூப்பர்வைசரே ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். கம்பெனி சொந்தமாகப் புது வண்டி வாங்கியிருந்தது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மணலில் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். நாள் சம்பளம். "உன்ன விட்டா யாரு இருக்கா?" என்றார் சிரித்துக்கொண்டே. ஜீப்பு ஒரு நாள் முழுக்க யோசிப்பதுபோல் நடந்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. மறுநாள் போனார்.

வண்டி பளபளவென்று நின்றது. கதவைத் திறந்தால் ரப்பர் வாசனை. பழக்கத்தில் வண்டியைப் படகுக்கு அருகே பின்னால் எடுத்துக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "ம், ஏத்துங்கப்பா" என்று குரல் கொடுத்தார். ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"டேய், டேய், நில்லு!"

சூப்பர்வைசர் குடையை விட்டுவிட்டு மணலில் ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. "எல்லாத்தையும் அப்படி ஓரமா சாய்ச்சு வைங்க. தண்ணி நல்லா வடியட்டும். அப்புறம் ஏத்தலாம்."

சுமைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜீப்பைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஜீப்பு இறங்கி வந்தார். "எடை குறையுமே, சார்?"

"குறைஞ்சாக் குறையுது. வண்டி என்ன விலை தெரியுமா டிரைவர்? உப்புத் தண்ணி பட்டா அடி எல்லாம் போயிரும்."

பெட்டிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. தண்ணீர் கோடுகோடாக மணலில் இறங்கியது. எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது, யாரும் அவசரப்படுத்தவில்லை. ஜீப்பு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

சொட்டுவது நின்றதும் சூப்பர்வைசர் ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் தானே கையை வைத்துத் தடவிப் பார்த்து, ஏற்றச் சொன்னார். கடைசிப் பெட்டி ஏறும்போது அதிலிருந்து ஒரு சொட்டு தவறித் தொட்டியின் விளிம்பில் விழுந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, குனிந்து, அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு மறுபடியும் ஒருமுறை துடைத்தார்.