வயிறு லேசான காலை

கடலூர் செம்மண்டலத்தில் தேவநாதன் வீட்டுக்குப் பொழுது விடிவது அவர் கக்கூஸுக்குப் போய்விட்டு வெளியே வந்த பிறகுதான். அதற்கு முன்னால் சூரியனே வந்து நின்றாலும் அந்த வீட்டில் மரியாதை கிடையாது. உள்ளே வாளியில் தண்ணீர் தாராளமாக விழுகிற சத்தம் கேட்டால் அன்று நல்ல நாள். சத்தமே இல்லாமல் தாழ்ப்பாள் மட்டும் திறந்தால் போச்சு. காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி, செருப்பை எவள் நகர்த்தினாள், இந்த வீட்டில் ஒருத்திக்காவது மூளை இருக்கிறதா என்று ஆரம்பித்து, மனுஷன் தன் பெயிண்ட் கடைக்குக் கிளம்பும் வரை வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

இந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தே அவர் மனைவி அமிர்தத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அவள் தம்பி பழனிவேல் திட்டக்குடியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்க வருவதென்றால்கூட, "யக்கா, மாமா வெளிக்கிப் போயிட்டாரா?" என்று போனில் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவான். வெளியாளுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

அமிர்தத்தைக் கேட்டால் அவர் தங்கமான மனுஷன், வயிறுதான் பொல்லாதது. கல்யாணமான புதிதில் வடலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை வந்தது. சொன்னதுமே தட்டைத் தூக்கி எறிந்தார். முந்தின சாயங்காலம் பண்ருட்டிப் பலாப்பழத்தைச் சுளை சுளையாக உள்ளே தள்ளியிருந்தார். அந்த மந்தம்தான் இவரை இப்படிப் பேசவைக்கிறது என்று அவளே தீர்ப்பெழுதிக்கொண்டாள். வேலை போயிற்று. அத்தோடு பலாப்பழமும் அந்த வீட்டுப் படியேறவில்லை. அவளுக்கோ பலாப்பழம் என்றால் உயிர்.

அவள் நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. மகள் இளவரசி சிதம்பரத்தில் விவசாயப் படிப்பில் சேர ஆசைப்பட்டபோது, வயிறு லேசாக இருந்த ஒரு காலையாகப் பார்த்துத்தான் கேட்கவைத்தாள். "சேந்துக்கோ பாப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதை நினைத்து நினைத்து அமிர்தம் பூரித்துப்போவாள்.

இப்போது அந்த இளவரசி படிப்பை முடித்துவிட்டாள். ஐதராபாத்தில் ஒரு விதைக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலையும் வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேன் என்று பதில் போடவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்பாவுக்கு இன்னும் விஷயமே தெரியாது. சொல்ல நாள் அமையவில்லை. அவர் வயிறு கல்லாகக் கிடந்தது.

அமிர்தம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு குடல் டாக்டரம்மாவிடம் காட்டினாள். எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்று அந்த அம்மா சொன்னார்.

"கடையில ஒக்காந்த எடத்துலயே இருக்கீங்க. தண்ணி குடிக்கிறதில்ல. வந்தாலும் அடக்கி வெக்கிறீங்க. கீரை, பழம், நடை, தெனம் அதே நேரத்துல அவசரப்படாம ஒக்கார்றது, இதான் மருந்து." பிறகு அமிர்தத்தின் பக்கம் திரும்பினார். "வயிறு சரியில்லன்னா தூக்கம் கெடும்மா. சள்ளுபுள்ளுனு எரிஞ்சி விழத் தோணும். இது சரியாச்சுன்னா மனசும் கொஞ்சம் லேசாவும்."

அமிர்தத்துக்கு அங்கேயே டாக்டரம்மாவின் காலில் விழலாம் போல இருந்தது. அவள் இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்ததைப் படித்தவர் வாயாலேயே கேட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் போண்டா இல்லை, பரோட்டா இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தூங்கப்போகும் முன் வெந்நீரில் இசப்கோல். தினமும் அவரை சில்வர் பீச்சுக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முட்டி வலித்ததை வெளியே சொல்லவில்லை. அவர் வயிற்றுக்குள் போகிற ஒவ்வொன்றையும் மகளுக்குச் சீர் எடுத்துவைப்பது போலப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்தது. இளவரசி போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அமிர்தம் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே வாளி நிரம்பி வழிந்தது. மறுபடியும் வழிந்தது. பிறகு ஏதோ பழைய பாட்டின் முணுமுணுப்பு.

தேவநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். "அமிர்தம், இன்னொரு காப்பி குடேன். அந்த டாக்டரம்மா கெட்டிக்காரிதான். ஒடம்பே பஞ்சு மாதிரி கெடக்கு."

இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, அமிர்தம் மகளுக்குக் கண்ணைக் காட்டினாள்.

இளவரசி வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவே இல்லை. தங்க எங்கே, சாப்பாடு எப்படி, என்ன விதை என்று நிதானமாக விசாரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு நடந்ததே இல்லை. வடலூர் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாக அமிர்தம் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம் பாப்பா. நம்ம ஆளுங்கள்ல யாரு இவ்ளோ படிச்சிருக்கா." இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். "ஆனா வேணாம்."

"ஏம்ப்பா?"

"எனக்கு இஷ்டமில்ல, அவ்ளோதான். சிதம்பரம்னப்ப சரின்னேன்ல? பொழுது சாய வூட்டுக்கு வந்துடுவ. இது அப்பிடியா?"

என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே அமிர்தம் கேட்டாள். "ஏங்க, வயிறு இன்னும் சரியாவலியா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீ வேற. நான் என்னா கோவமாவா சொல்றேன்? அன்னிக்கி உன் டீச்சர் வேலைக்கும் இதத்தான சொன்னேன். நீ என்னா கொறஞ்சி போயிட்ட? இன்னொரு இட்லி வையி."

அவள் வைத்தாள். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். கத்தினால் நாளைக்கு ஒரு காலை இருக்கிறது, அதற்கு ஒரு கஷாயம் இருக்கிறது. சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாரே, இதற்கு எந்தக் கடையில் போய் மருந்து வாங்குவாள்? சொன்னதெல்லாம் அவரேதான், எப்போதும் அவரேதான். அந்த வயிறு பாவம், ஒரு நாளும் அவளுக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனார்.

"நீ கெளம்பிடு பாப்பா," என்றாள் அமிர்தம். "இங்க நான் பாத்துக்கறேன்."

"என்னாத்தப் பாத்துப்ப? நான் போயிட்டா அவரு கோவத்தயெல்லாம் ஒங்கிட்டதான காட்டுவாரு." இளவரசி அழவில்லை. "ஒன்ன வுட்டுட்டு அங்க போயி நான் என்னா வேல பாப்பேன்?"

மகள் போவதற்குத் தடையாகத் தானே நிற்கிறோம் என்பது அமிர்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நகரவும் வழி தெரியவில்லை. மத்தியானம் இளவரசி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, வர இயலவில்லை என்று நாலு வரி அடித்து அனுப்பினாள்.

சாயங்காலம் தெருவில் பலாப்பழ வண்டி போயிற்று. ஆனி மாதம் முழுக்கத் தினமும் போகிற வண்டிதான். அதன் வாசனை வரும்போதெல்லாம் அமிர்தம் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அன்று வாசலுக்குப் போய் நிறுத்தி, அரைப் பழத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுளையாகப் பிரித்தாள்.

தேவநாதன் கடையிலிருந்து திரும்பியபோது தட்டு நிறையச் சுளை இருந்தது. அவர் அதிசயமாகப் பார்த்தார்.

"இது எனக்கு ஒத்துக்காதுன்னு நீதான சொல்லுவ?"

"சும்மா சொன்னன்," என்றாள் அமிர்தம். "அது ஒரு பாவமும் பண்ணல. சாப்புடுங்க."

அவர் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்ல இனிப்பு என்றார்.